கூப்பிடு தூரத்தில் யாராவது இருக்கிறார்களா?

கேள்வி இது: "பெசன்ட் நகர் கடற்கரையில் இருட்டின கொஞ்ச நேரத்தில், ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசையில் இருபது முப்பது விளக்குகள் வானத்தில் நகர்ந்து போயின. ஏலியன் என்கிறார்கள் நண்பர்கள். அதை விடுங்கள், இத்தனை கோடி நட்சத்திரம் இருக்கும்போது அறிவுள்ள வேறு நாகரிகம் இல்லாமலா போகும்? இருந்தால் ஏன் இதுவரை ஒரு சத்தமும் இல்லை?"

விளக்கு வரிசையை முதலில் முடித்துவிடுவோம். அது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஒரே ராக்கெட்டில் கொத்தாக ஏற்றிவிடப்பட்டவை, தனித்தனி இடங்களுக்குப் பிரிந்து போகும் வரை சில நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றும். தரையில் இருட்டிவிட்டாலும் 300 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும். அந்த வெயில்தான் பளபளக்கிறது. அடையாளம் காண எளிய வழி உண்டு: வரிசையில் உள்ள ஒவ்வொன்றும் வானத்தில் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்ததும் அணைந்தால், அவை பூமியின் நிழலுக்குள் நுழைகின்றன என்று பொருள். அசையாமல் நிற்கும் ஒற்றை வெளிச்சம் என்றால், மீனம்பாக்கத்தில் இறங்க நேராக உங்களை நோக்கி வரும் விமானமா என்று ஐந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். மேற்கே என்றால் வெள்ளியா என்று பாருங்கள். தொண்ணூறு சதவீதப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும் (இந்தத் தொண்ணூறு ஒரு பேச்சு வழக்குதான், புள்ளிவிவரம் அல்ல).

இனி பெரிய கேள்வி. உயிர் வேறெங்கும் இருக்கிறதா என்பது ஒன்று. கருவி செய்து ரேடியோ அலை அனுப்பும் அளவுக்கு அறிவு வளர்ந்த உயிர் இருக்கிறதா என்பது வேறு. அது நம் காலத்தில், நம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதா என்பது இன்னும் வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் டீக்கடையில் முடியாமல் போகிறது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நுண்ணுயிர் பல இடங்களில் இருக்கலாம், ரேடியோ நாகரிகம் மிக அரிது, நம்மோடு பேசக்கூடிய ஒன்று இன்றைய பால்வீதியில் இருக்கிறது என்று பந்தயம் கட்டச் சொன்னால் கட்ட மாட்டேன். மூன்றுக்குமே நேரடி ஆதாரம் இன்றுவரை பூஜ்யம்.

வீட்டுமனைக்குப் பஞ்சமில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் புறக்கோளை மிஷெல் மயோரும் டிடியே கெலோவும் 1995இல் கண்டுபிடித்தார்கள். 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2025இல் 6,000ஐத் தாண்டியது. ஆனால் "பூமி மாதிரி" என்று செய்தியில் வந்தால் நிதானமாகப் படியுங்கள். கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் குறைவதை வைத்துத்தான் கெப்ளர் தொலைநோக்கி கோள்களைப் பிடித்தது. வியாழன் அளவுள்ள கோள் சூரியனை மறைத்தால் 1 சதவீதம் குறையும். பூமி மறைத்தால் பத்து லட்சத்தில் 84 பங்குதான். அதுவும் கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் சரியாகப் படுத்திருக்க வேண்டும். பூமி போன்ற பாதைக்கு அந்த வாய்ப்பு 200இல் ஒன்று. தற்செயல் இல்லை என்று சொல்லக் குறைந்தது மூன்று முறையாவது மறைப்பு தெரிய வேண்டும், அதற்கு மூன்று வருடம். கெப்ளரின் முதன்மைப் பணி ஓடியதே நான்கு வருடம். விண்மீன்களின் சொந்த மினுக்கலும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. ஆகவே உண்மையான பூமிச் சாயல் கோள்கள் எத்தனை என்பது இன்றும் நீட்டி அளந்த கணக்கு. சூரியன் போன்றவற்றில் ஏறத்தாழ பாதிக்கு, தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தூரத்தில் ஒரு பாறைக்கோள் இருக்கலாம் என்ற மதிப்பீடு உண்டு. அதன் பிழை வரம்பு பெரியது.

பால்வீதியில் பெரும்பான்மை விண்மீன்கள் சிவப்புக் குள்ளன்கள் (சூரியனைவிடச் சிறிய, மங்கலான விண்மீன்கள்) என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் திரவமாக நிற்கும் அவற்றின் இதமான மண்டலம் விண்மீனுக்கு மிக அருகே இருக்கும். தீப்பிழம்பு வெடிப்புகள் வளிமண்டலத்தைச் சுரண்டிவிடும். 40 ஒளியாண்டு தொலைவில் ஏழு கோள்களோடு இருக்கும் டிராப்பிஸ்ட்-1இன் உள்புறக் கோள்கள் இரண்டை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தபோது, தடித்த வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளம் தென்படவில்லை. மனை இருக்கிறது, கூரை இல்லை.

சரி, மனை கிடைத்தால் குடி வருமா? இதற்கு நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி பூமி. பூமியின் வயது 454 கோடி ஆண்டு. சுமார் 350 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைகளிலேயே நுண்ணுயிரின் தடயம் இருக்கிறது. உயிர் சீக்கிரமே வந்துவிட்டது, ஆகவே எளிதாக வரும் என்று வாதிட இது உதவும். ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். உட்கரு கொண்ட செல் வர இன்னும் 150 கோடி ஆண்டுக்கு மேல் ஆனது. இன்றுள்ள மரம், மீன், காளான், மனிதன் எல்லாம் அந்த ஒரே வம்சாவளி. கண்ணுக்குத் தெரியும் விலங்குகள் பெருகியது சுமார் 54 கோடி ஆண்டுக்கு முன். நம் இனத்துக்கு வயது 3 லட்சம் ஆண்டு. ரேடியோவுக்கு 130. பூமியின் வரலாற்றை ஒரே நாளாகச் சுருக்கினால் ரேடியோ வந்தது நள்ளிரவுக்கு ஒரு நொடியில் நானூறில் ஒரு பங்கு முன்பு.

கண் பலமுறை தனித்தனியாகப் பரிணமித்திருக்கிறது. பறப்பதும் அப்படியே. ரேடியோ கட்டும் அறிவு ஒரே ஒருமுறைதான். இதற்கு மேலே இன்னொரு உறுத்தல் உண்டு. சூரியன் நூறு கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பிரகாசமாகிக்கொண்டே போகிறது; இன்னும் ஏறக்குறைய நூறு கோடி ஆண்டில் கடல்கள் தாங்காது. அதாவது கடை மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் நாம் உள்ளே நுழைந்திருக்கிறோம். இப்படிக் கடைசி நேரத்தில் வந்தது, வழியில் நிகழ அரிதான படிகள் பல இருந்திருக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு என்று 1983இல் இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் வாதிட்டார். எனக்கு இதுவே மிக வலுவான எதிர்வாதமாகத் தெரிகிறது, "எங்கே எல்லோரும்?" என்று 1950இல் சாப்பாட்டு மேஜையில் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி கேட்ட கேள்வியைவிட.

இப்போது கூப்பிடு தூரத்துக்கு வருவோம். 1961இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக், அமெரிக்காவின் கிரீன் பாங்க் ஆய்வகத்தில் நடந்த கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு எல்லோருக்கும் தெரியும்: ஆண்டுக்கு எத்தனை விண்மீன் பிறக்கிறது, அதில் எத்தனைக்குக் கோள், எத்தனைக்கு உயிர் என்று பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு நாகரிகம் எத்தனை ஆண்டு ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் என்பதால் பெருக்குவது. அன்று கூடியவர்கள் நம்பிக்கையோடு போட்ட மதிப்புகளில் முன்பகுதி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1 ஆனது. அதாவது ஆண்டுக்கு ஒரு புது நாகரிகம். அப்படியானால் இப்போது இருக்கும் நாகரிகங்களின் எண்ணிக்கையும், ஒரு நாகரிகத்தின் ஆயுளும் ஒரே எண்.

இதைக் கொண்டு நீங்களே ஒரு கணக்குப் போடலாம். பால்வீதியை 1 லட்சம் ஒளியாண்டு விட்டமுள்ள தோசையாக வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 785 கோடி சதுர ஒளியாண்டு. அதை நாகரிகங்களின் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், பக்கத்து வீட்டுக்கான சராசரித் தூரம் கிடைக்கும். ஆயுள் 1,000 ஆண்டு என்றால் 1,000 நாகரிகம், பக்கத்து வீடு 2,800 ஒளியாண்டு. "யாருங்க?" என்று கேட்டுப் பதில் வர 5,600 ஆண்டு. அதற்குள் கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை. ஆயுள் 10,000 என்றால் தூரம் 890 ஒளியாண்டு, போய்வர 1,780 ஆண்டு, பேசலாம். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது? போய்வரும் நேரமும் ஆயுளும் சமமாகும் இடத்தில்: சுமார் 3,150 ஆண்டு. கீழடியில் கிமு 6ஆம் நூற்றாண்டில் பானையில் எழுத்துக் கீறியவர் அன்றே ஒரு ஒலிபரப்பியை முடுக்கிவிட்டு, அது ஒரு நாளும் நிற்காமல் இன்றைக்கும் தாண்டி இன்னும் ஐந்நூறு ஆண்டு ஓடியிருக்க வேண்டும். அதுவும் ஆண்டுக்கு ஒரு நாகரிகம் என்ற தாராளமான கணக்கில். நூறு ஆண்டுக்கு ஒன்று என்று குறைத்தால் தேவையான ஆயுள் 14,600 ஆண்டைத் தாண்டுகிறது. பத்தாயிரம் ஆண்டுக்கு ஒன்று என்றால் 68,000.

இந்தச் சமன்பாட்டை வைத்து "ஆகவே பத்தாயிரம் நாகரிகம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அங்கே ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. ஆயிரம் பேர் சீட்டு வாங்கி ஒருவருக்கு மட்டும் ஒரு கோடி ரூபாய் விழுந்தால், சராசரி ஆளுக்குப் பத்தாயிரம். ஆனால் 999 பேர் பையில் ஒன்றுமில்லை. டிரேக் சமன்பாட்டின் ஒவ்வொரு எண்ணும் பல மடங்குகள் நிச்சயமற்றது. நடுவில் ஒரு மதிப்பைப் பிடித்துப் பெருக்கினால் வருவது இந்தப் பத்தாயிரம் ரூபாய்ச் சராசரி. 2018இல் ஆண்டர்ஸ் சாண்ட்பர்க், எரிக் டிரெக்ஸ்லர், டோபி ஆர்டு மூவரும் முழு நிச்சயமின்மையையும் கொண்டு கணக்கிட்டார்கள். பால்வீதியில் நாம் தனியாக இருக்கும் வாய்ப்பு 53இலிருந்து 99.6 சதவீதம் வரை, காணக்கூடிய பேரண்டம் முழுக்கத் தனியாக இருக்கும் வாய்ப்பு 39இலிருந்து 85 சதவீதம் வரை வந்தது. "இத்தனை கோடி நட்சத்திரம்" என்ற வாதம் எவ்வளவு ஆட்டம் காண்கிறது பாருங்கள்: விண்மீன்களின் எண்ணிக்கை பெரிது, ஆனால் உயிர் தொடங்கும் வாய்ப்பு அதைவிடச் சிறிதாக இருக்க முடியாது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

அப்படியானால் மௌனமே "யாரும் இல்லை" என்பதற்குச் சான்றா? இல்லை. இங்கே நான் கட்சி மாறுகிறேன். நாம் கேட்ட நேரமும் கேட்ட திசையும் மிகக் கொஞ்சம், நம் காதும் மந்தம்.

நம் எஃப்எம் ஒலிபரப்பு விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கிறது, அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. அலை போவது உண்மை, கேட்பது நடக்காது. 100 மெகாஹெர்ட்ஸில் 20 கிலோவாட் ஒலிபரப்பி ஒன்று எல்லாத் திசையிலும் வீசுகிறது என்று வையுங்கள். பக்கத்து விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு. அங்கே 305 மீட்டர் விட்டத் தட்டு ஒன்று (புவேர்ட்டோ ரிக்கோவில் இடிந்துபோன அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் அளவு) அதை முழுவதுமாக வாரினாலும் கிடைப்பது 7×10⁻²⁶ வாட். அந்த அதிர்வெண்ணில் வானத்தின் சொந்த இரைச்சல், எஃப்எம் அலைவரிசையின் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், இதைப் போலக் கிட்டத்தட்ட 4,000 கோடி மடங்கு. மணிக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் மீளாது. மீடியம் வேவ் என்றால் அயனி மண்டலமே பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும்.

நம்மிடம் இருக்கும் நல்ல காதுகளில் ஒன்று புனே அருகே நாராயண்காவ் பக்கம் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி: 45 மீட்டர் தட்டுகள் முப்பது. இதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்தான் அதற்கு முன் நம் ஊட்டியில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியையும் கட்டினார். மலைச்சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரி, அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக விழுந்தது. இதைவிட அழகான இடத்தேர்வு எனக்குத் தெரிந்து இல்லை. 2016 அக்டோபரில் ஷியாபரெல்லி கலம் செவ்வாயில் இறங்கியபோது, அதன் சில வாட் ஒலிபரப்பை ஜிஎம்ஆர்டி இங்கிருந்தே பிடித்தது. பிரமிப்பான வேலை. ஆனால் அதே சைகை பிராக்சிமாவிலிருந்து வந்தால் 5,000 கோடி மடங்குக்கு மேல் மெலிந்திருக்கும்.

தூரத்திலிருந்து கேட்க வேண்டுமானால் அவர்கள் வேண்டுமென்றே, குறுகிய கற்றையாக, நம் பக்கம் திருப்பி அடிக்க வேண்டும். அரெசிபோவின் கோள் ரேடார் அப்படிப்பட்டது: 2,380 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1 மெகாவாட். அதே அளவு தட்டு ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தால்கூட அதைக் கேட்டுவிடும். சிக்கல் என்னவென்றால் அந்தக் கற்றையின் அகலம் 2 ஆர்க்நிமிடம்தான், அதாவது ஒரு டிகிரியில் முப்பதில் ஒரு பங்கு. வானம் முழுக்க நிரப்ப அப்படி நான்கைந்து கோடி புள்ளிகள் வேண்டும். அவர்கள் நம் புள்ளியில் அடிக்கும் அதே பொழுதில் நாமும் அவர்கள் புள்ளியில், அதே அதிர்வெண்ணில் காது வைத்திருக்க வேண்டும். 1974இல் நாம் எம்13 விண்மீன் கொத்துக்கு அனுப்பிய செய்தியே மூன்று நிமிடத்துக்கும் குறைவு, ஒரே ஒருமுறை. போய்ச்சேர 25,000 ஆண்டு. நாமே இப்படி அனுப்பிவிட்டு, மற்றவர்கள் ஏன் விடாமல் அனுப்பவில்லை என்று கேட்கிறோம். (வாயேஜர் விண்கலங்கள் சுமந்து போகும் தங்கத்தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது, தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. அந்த வருத்தம் தனி.)

இந்தத் தேடலுக்கு ஆங்கிலச் சுருக்கத்தில் செட்டி (SETI) என்று பெயர். தமிழில் எழுதினால் மனம் காரைக்குடிக்குப் போய்விடும். 1960இல் டிரேக் 26 மீட்டர் தட்டைத் தவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்கள் மேல் திருப்பினார். இரண்டும் ஜனவரி மாலைகளில் சென்னையிலிருந்தே வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடியவை, தெருவிளக்கு விட்டால். அவர் கேட்ட அதிர்வெண் 1,420 மெகாஹெர்ட்ஸ்: பேரண்டத்தில் மிக அதிகமான ஹைட்ரஜன் இயல்பாக உமிழும் அலை, வானியல் தெரிந்த யாரும் கேட்டுக்கொண்டிருக்கும் இடம். இன்றும் பூமியில் 1,400 முதல் 1,427 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்பக் கூடாது என்று உலக அளவில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரு சைகை கிடைத்தால் அது வெளியிலிருந்து வந்ததா என்று எப்படித் தெரியும்? முதலில் அகலம்: இயற்கை மூலங்கள் பரந்து கிடக்கும், ஒரு ஹெர்ட்ஸ் அளவு ஒல்லியான சைகை என்றால் ஏதோ ஒரு கருவி. அடுத்து நகர்வு: பூமி சுழல்வதால் வெளிச்சைகையின் அதிர்வெண் 1,420 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 0.16 ஹெர்ட்ஸ் வரை வழுக்கும். கொஞ்சமும் வழுக்காத சைகை நம்மோடு சேர்ந்து சுழல்கிறது, அதாவது தரையில் இருக்கிறது. பிறகு திசை: ஐந்து நிமிடம் விண்மீன் மேல், ஐந்து நிமிடம் விலகி, இப்படி மாறி மாறி அரை மணி நேரம். விலகியபோதும் கேட்டால் குப்பையில் போட வேண்டியதுதான்.

இந்தச் சோதனைகளில் ஏறக்குறைய எல்லாமே விழுந்துவிட்டன. 2019இல் பிராக்சிமா திசையில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கிக்கு 982 மெகாஹெர்ட்ஸில் கிடைத்த சைகை ஒல்லியாக இருந்தது, வழுக்கவும் செய்தது, விலகும்போது மறைந்தது. உடைத்தது எது தெரியுமா? அதே சாயலில் வேறு அதிர்வெண்களிலும் மங்கலான சைகைகள் இருந்தன. அவற்றின் இடைவெளிகள் மின்னணுக் கருவிகளில் சாதாரணமாக இருக்கும் கடிகார அதிர்வெண்களின் மடங்குகள். விலகியபோது மறைந்ததுபோல் தெரிந்ததற்குக் காரணம், அது கண்டறியும் வரம்புக்குச் சற்றுக் கீழே இறங்கியதுதான். அதே பார்க்ஸில் ஆண்டுக்கணக்கில் குழப்பிய வேறொரு வகைச் சைகை, சமையலறை மைக்ரோவேவ் அடுப்பை ஓடும்போதே திறந்ததால் வந்தது என்று 2015இல் தெரிந்தது.

விழாமல் நிற்பது 1977 ஆகஸ்ட் 15 சைகை. ஒஹையோவின் நிலையான தொலைநோக்கியில் 72 நொடி ஏறி இறங்கியது. பூமி சுழல ஒரு விண்மீன் அந்தக் கற்றையைக் கடக்க எடுக்கும் அதே நேரம். பதிவைப் பார்த்த வானியலாளர் ஜெரி எமன் காகிதத்தில் "வாவ்" என்று எழுதினார். ஆனால் அந்தத் தொலைநோக்கிக்கு அலையை வாங்கும் இரண்டு கொம்புகள்; அதே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் பார்க்கும் மற்றதில் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பத் தேடியும் மறுபடி வரவில்லை. மறுபடி வராததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வளிமண்டல வாயுக்களைத் தேடும் வழிதான் அடுத்த இருபது வருடத்தில் ஏதாவது தரும் என்று நினைக்கிறேன். 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் கே2-18பி கோளில் டைமெதில் சல்ஃபைடு இருக்கலாம் என்று 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு சொன்னது. நம் கடலில் அதை நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. ஆனால் அதன் உறுதி, தற்செயல் இல்லை என்பதை அளக்கும் கணக்கில், மூன்று சிக்மா. கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும். அதே தரவை வேறு குழுக்கள் அலசியபோது சைகை நிற்கவில்லை. அதே சேர்மம் வால்வெள்ளியிலும் உயிரின்றிக் கிடைத்திருக்கிறது. அப்படியே உறுதியானாலும் அது முதல் கேள்விக்கான பதில்தான், அறிவுள்ள நாகரிகத்துக்கு அல்ல.

மொட்டை மாடியிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: டிரேக் கேட்ட அதே 1,420 மெகாஹெர்ட்ஸில் பால்வீதியின் ஹைட்ரஜனைக் கேட்பது. மேகம் தடுக்காது, பகலிலும் முடியும். அலுமினியத் தகட்டில் அல்லது அட்டையில் ஃபாயில் ஒட்டிச் செய்த கொம்பு ஆண்டெனா, 1,420க்கான வடிகட்டி உள்ள குறை-இரைச்சல் பெருக்கி, ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் ரேடியோ ஏற்பி), மடிக்கணினி போதும். பெருக்கியை ஆண்டெனாவோடு நேரடியாக முறுக்கிவிடுங்கள். நடுவே இரண்டு மீட்டர் கேபிள் வந்தால் சைகையில் கணிசமான பங்கு அங்கேயே போகும். வடிகட்டி இல்லாமல் முயற்சிக்காதீர்கள், பக்கத்து செல்போன் கோபுரத்தின் 900, 1,800 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பெருக்கியைத் திணறடித்துப் பொய்க் கூர்முனைகளைக் காட்டும். கொம்பை 45 டிகிரிக்கு மேலே தூக்கி வையுங்கள். கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் வெப்ப இரைச்சலைக் கொட்டும். பால்வீதி இல்லாத பக்கம் ஐந்து நிமிடம் பதிந்து அடிப்படைக் கோடு எடுத்து, பிறகு பால்வீதி மேல் ஐந்து நிமிடம் பதிந்து, இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். 1,420.4க்குப் பக்கத்தில் சில நூறு கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு மேடு எழும். 4.7 கிலோஹெர்ட்ஸ் இடம்பெயர்ந்தால் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம். பால்வீதியின் சுருள் கைகளின் சுழற்சியை அதிலேயே படிக்கலாம். கடற்காற்று இணைப்பிகளைச் சில மாதத்தில் பச்சையாக்கிவிடும், சுய ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றிவிடுங்கள். மேட்டுக்குப் பதிலாக ஊசி போல ஒல்லியாக ஒன்று நின்று, கொம்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையாமல் இருந்தால், முதலில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்.